தந்தை சொல்லும் தர்மத்தின் சொல்லும்

குடும்பத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது ஒரு கடமை. தவறு என்று தெரிந்ததைச் செய்யக் கூடாது என்பது மற்றொரு கடமை. இவ்விரண்டும் ஒரே திசையைக் காட்டும் வரையில் வாழ்க்கையில் சிக்கல் இல்லை. ஆனால் தந்தையின் ஆணை ஒரு பக்கமும் தர்மத்தின் ஆணை மறுபக்கமும் இழுக்கின்ற நாள் பலருடைய வாழ்க்கையில் வரவே செய்கிறது. பெற்றோரை மதிக்காதவனுக்கு அன்று எந்த வேதனையும் இல்லை. மதித்து வளர்ந்த நல்ல பிள்ளைக்குத்தான் அது பெரும் சோதனை.

நமது இதிகாசங்கள் இந்தச் சோதனையைப் பல கோணங்களில் ஆராய்ந்துள்ளன. அதே கேள்வியை இன்றைய பிள்ளைகள் தொலைக்காட்சித் திரையிலும் சந்திக்கிறார்கள் என்பது பெரியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சி 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பிய ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் சித்திரத் தொடர் அத்தகைய ஒன்று. மைக்கேல் டான்ட்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ ஆகிய இருவர் உருவாக்கிய இந்தக் கற்பனைக் கதை மூன்று பருவங்களில் 61 பகுதிகளாக வெளிவந்தது. 2024-ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதே கதையை நடிகர்களைக் கொண்டு மீண்டும் தொடராக வெளியிட்டது. சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத ஓர் அறக்கேள்வி இதன் நடுவில் இருக்கிறது.

தொடரின் பெயரில் உள்ள சொல் நம்முடையதே. ஆனால் பொருள் வேறு. இறைவன் பூமிக்கு இறங்கி வருவதை நாம் அவதாரம் என்கிறோம். இந்தக் கதையிலோ நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கையும் ஆளும் ஆற்றல் பெற்று, உலகின் சமநிலையைக் காப்பதற்காக மீண்டும் மீண்டும் பிறக்கும் ஒருவரை அப்பெயரால் குறிக்கிறார்கள். நம் சாஸ்திரங்களின் மொழியில் அது மறுபிறவிக்கே நெருக்கமானது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு கதைக்குள் செல்வோம்.

மண்டியிட்ட மகன்

கதை நிகழும் உலகில் நான்கு மக்கள் கூட்டங்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றான அக்னி தேசம் நூறு ஆண்டுகளாக மற்றவர்கள் மீது போர் தொடுத்து வருகிறது. ஸோஸின் என்ற மன்னன் அதைத் தொடங்கினான். காற்று நாடோடிகள் எனப்பட்ட துறவியர் கூட்டத்தையே அழித்தான். அவர்களுள் எஞ்சிய ஒரே சிறுவன் ஆங். அவனே அந்தத் தலைமுறையின் ‘அவதார்’. இப்போது அக்னி தேசத்தை ஆள்பவன் ஸோஸினின் பேரன் ஓஸாய். அவனுடைய மகன் ஸூக்கோ.

ஸூக்கோவுக்குப் பதின்மூன்று வயது. போர் ஆலோசனைக் கூட்டம் ஒன்றில் அமர அவனுக்கு அனுமதி கிடைக்கிறது. பேசக் கூடாது என்பது நிபந்தனை. புதிதாகச் சேர்ந்த இளம் வீரர்களின் படைப்பிரிவு ஒன்றை எதிரிக்கு இரையாக அனுப்பலாம் என்று ஒரு தளபதி யோசனை சொல்கிறான். ‘நாட்டை நம்பி வந்தவர்களை இப்படிப் பலி கொடுப்பதா?’ என்று சிறுவன் எழுந்து கேட்டுவிடுகிறான். மரபை மீறியதற்காக நெருப்புப் போட்டிக்கு அவன் அழைக்கப்படுகிறான். தளபதியோடு மோத வேண்டியிருக்கும் என்று நினைத்துக் களத்தில் இறங்கியவனின் எதிரே நிற்பவர் அவனுடைய தந்தை. மகன் சண்டையிட மறுக்கிறான். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். தந்தை அவன் முகத்தைச் சுட்டுவிட்டு நாடு கடத்துகிறான். ‘அவதாரைப் பிடித்து வந்தால்தான் உனக்கு இங்கே இடம்’ என்பது கட்டளை.

தொடர் தொடங்கும்போது ஸூக்கோவுக்கு வயது பதினாறு. முகத்தில் ஆறாத வடு. நெஞ்சில் ஒரே எண்ணம்: தந்தையின் அன்பைத் திரும்பப் பெற வேண்டும். அதற்காக அவன் ஒரு சிறுவனை உலகெங்கும் துரத்துகிறான். நாம் அவனைக் கொடியவன் என்று நினைக்கிறோம். ஆனால் அவன் தன்னைப் பற்றி அப்படி நினைக்கவில்லை. கடமையைச் செய்யும் நல்ல மகன் என்றே தன்னைக் கருதுகிறான். இந்தக் கதையின் ஆழம் இங்குதான் தொடங்குகிறது. தீமை பல வேளைகளில் கடமையின் ஆடையை உடுத்திக்கொண்டு வருகிறது. அப்போது அதைச் செய்பவனுக்கே அது தெரிவதில்லை.

கிடைத்த பிறகு

இரண்டாம் பருவத்தின் முடிவில் ஸூக்கோ தன் தங்கை அஸூலாவுடன் சேர்ந்துகொள்கிறான். மூன்று ஆண்டுகளாகத் தன்னைத் தாயினும் பரிவோடு காத்த பெரியப்பா ஐரோவைக் கைவிடுகிறான். நாடு திரும்புகிறான். தந்தை மகிழ்கிறார், மக்கள் வாழ்த்துகிறார்கள். ஆசைப்பட்டதெல்லாம் கையில் இருக்கிறது. அமைதி மட்டும் இல்லை. போர் ஆலோசனைக் கூட்டத்தில் இப்போது அவனுக்குத் தந்தையின் வலப்பக்கத்தில் ஆசனம். அங்கே பேசப்படுவதோ முன்பு கேட்டதைவிடக் கொடிய திட்டம். இம்முறை அவன் அதை எதிர்த்துப் பேசவில்லை. கூட்டம் முடிந்த பிறகு, தான் தந்தை விரும்பிய இளவரசனாக இருந்ததாகவும், தானாக இல்லை என்றும் அவன் வருந்துகிறான்.

இந்த வேளையில் தன் குலத்தைப் பற்றிய ஓர் உண்மை அவனுக்குத் தெரியவருகிறது. போரைத் தொடங்கிய ஸோஸின் அவனுடைய தந்தை வழிக் கொள்ளுப்பாட்டன். அந்தப் பேராசையை எதிர்த்து நின்ற முந்தைய அவதார் ரோக்கு, அவனுடைய தாய் வழிக் கொள்ளுப்பாட்டன். இளமையில் உயிர் நண்பர்களாக இருந்த இருவர். பின்னர் ஒருவர் அழிக்கப் புறப்பட்டார், மற்றவர் காக்க முயன்றார். இருவரின் ரத்தமும் அவன் உடலில் ஓடுகிறது.

‘இது எங்கள் குல வழக்கம்’ என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். எந்தக் குலத்திற்கும் ஒரே வழக்கம் இருந்ததில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் கொடுத்தவர்களும் இருந்தார்கள், பறித்தவர்களும் இருந்தார்கள். பிறப்பினால் இருவருமே நமக்கு முன்னோர்கள்தான். அவர்களுள் யாருடைய வாரிசாக வாழ்வது என்பதைப் பிறப்பு தீர்மானிப்பதில்லை. அதை நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

மரபுக்கு அடியில் ஒரு மரபு

தந்தையை விட்டு நீங்கி ஆங்கிடம் வந்து சேர்ந்த ஸூக்கோவுக்கு வேறொரு சிக்கல் வருகிறது. அவனுடைய நெருப்பு அணைந்துவிடுகிறது. அக்னி தேசத்தில் அவன் கற்ற வித்தைக்குக் கோபமே எரிபொருள். கோபம் போனதும் ஆற்றலும் போய்விட்டது. அவனும் ஆங்கும் அந்தக் கலையின் மூலத்தைத் தேடி, சூரிய வீரர்கள் என்ற தொன்மையான மக்களின் இடிந்த நகரத்திற்குச் செல்கிறார்கள். அழிந்துவிட்டதாக உலகம் நம்பிய அந்த மக்கள் மறைவாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு நெருப்பு என்பது உயிர். வெப்பம், ஒளி, நெஞ்சத் துடிப்பு. பிற்காலத்தவர் அதைப் படைக்கலமாக மாற்றிவிட்டார்கள்.

சீரழிந்த மரபைத் திருத்துவதற்கு மரபையே வெறுக்க வேண்டியதில்லை என்பதை இந்தப் பகுதி அழகாகக் காட்டுகிறது. ஸூக்கோ தந்தையின் வழியை விட்டான். ஆனால் வேரற்றவனாக ஆகிவிடவில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினான். அங்கே தூய நீர் கிடைத்தது. நூறு ஆண்டுப் பழக்கத்தை மரபு என்று எண்ணியவன், ஆயிரம் ஆண்டு மரபைக் கண்டுகொண்டான்.

தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரை எல்லோரும் அறிந்தது. தாயையும் தந்தையையும் தெய்வமாகப் போற்றுமாறு கூறும் பகுதியை நாம் விழாக்கள்தோறும் ஓதுகிறோம். அதற்கு அடுத்தாற்போல வருவதை அவ்வளவாக நினைப்பதில்லை. குற்றமற்ற செயல்களையே செய்ய வேண்டும், ஆசிரியர்களாகிய தங்களிடமும் உள்ள நல்லொழுக்கத்தை மட்டும் பின்பற்ற வேண்டும், மற்றவற்றை அல்ல என்கிறார் ஆசாரியர். செயலிலோ நடத்தையிலோ ஐயம் எழுந்தால், சிந்திக்கும் திறனும் தர்மத்தில் பற்றும் கடுமையற்ற மனமும் உள்ள பெரியோர் அங்கே எப்படி நடந்துகொள்கிறார்களோ, அப்படி நடக்கச் சொல்கிறார். போற்றுதல், ஆராய்ந்து பின்பற்றுதல், ஐயத்தில் மென்மையான பெரியோரை நாடுதல் ஆகிய மூன்றும் ஒரே அறிவுரையின் அங்கங்கள். முதல் அங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிட்டால் அது மரபாகாது. மரபின் மூன்றில் ஒரு பங்குதான்.

கீழ்ப்படிதலுக்கு ஓர் எல்லை

அப்படியானால் ஸ்ரீராமர் தந்தையின் சொல்லைக் கேள்வி கேட்காமல் ஏற்றாரே, அது தவறா என்ற வினா எழும். கைகேயி கேட்ட வரம் நியாயமானதல்ல என்பது அயோத்தியில் எல்லோருக்கும் தெரியும். லக்ஷ்மணர் கொதித்தார். ராமரோ புன்முறுவலுடன் காட்டிற்குப் புறப்பட்டார்.

அதே குடும்பத்தில் சில நாட்களிலேயே நடந்த மற்றொரு நிகழ்ச்சியை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கேகய நாட்டிலிருந்து திரும்பிய பரதரிடம் அவருடைய தாய் அரியணையை நீட்டினாள். தாயின் விருப்பம் அது. தந்தை கொடுத்த வரத்தின்படி அது முறையானதும்கூட. பரதர் மறுத்துவிட்டார். பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்திகிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் தவ வாழ்க்கை வாழ்ந்தார். ஒருவர் பெற்றோர் சொல்லுக்குப் பணிந்தார். மற்றவர் பெற்ற தாயின் சொல்லைத் தள்ளினார். இருவரையுமே தர்மத்தின் வடிவங்கள் என்று நாம் வணங்குகிறோம். எப்படி?

ராமரிடம் கேட்கப்பட்டது அவருக்கே உரிய ஒன்று: அரசு, வசதி, பதினான்கு ஆண்டுகள். அதைக் கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது, கொடுத்தார். பிரிவால் மற்றவர்கள் துயருற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அவருடைய கையால் எவருக்கும் அநீதி இழைக்கப்படவில்லை. பரதரிடம் சொல்லப்பட்டதோ, அண்ணனுக்கு உரியதை எடுத்துக்கொள் என்பது. பிறருடைய நஷ்டத்தைக் கொண்டு பெற்றோரை மகிழ்விக்கும் உரிமை எந்த மகனுக்கும் இல்லை. நம் இழப்பில் முடியும் கட்டளைக்கு நாம் பணியலாம். பெரும்பாலும் பணிவதே உயர்ந்தது. பிறர் மீதான அநீதியில் முடியும் கட்டளைக்குப் பணிய நமக்கு அதிகாரமே இல்லை. இந்த ஒரு வரம்பை வைத்துக்கொண்டால் ராமரும் பரதரும் ஒரே தர்மத்தையே கடைப்பிடித்தார்கள் என்பது விளங்கும்.

ஸூக்கோவின் வாழ்க்கையிலும் இவ்விரண்டு தருணங்களும் இருக்கின்றன. முகத்தைச் சுட வந்த தந்தையின் முன் அவன் மண்டியிட்டான். வலி அவனுடையது, ஏற்றான். உலகத்தைச் சுட வந்த தந்தையிடமிருந்து விலகினான். அந்த வலி அவனுடையதல்ல. சூரிய கிரகணத்தன்று அவன் தந்தையின் எதிரே நின்று, ஒரு சிறுவனுக்கு அவர் செய்தது கொடுமை என்றும், போரின் மூலம் நாட்டின் பெருமையை உலகோடு பகிர்வதாகச் சொன்னது பொய் என்றும் கூறிவிட்டு வெளியேறுகிறான்.

அந்த உரையாடலில் ஓஸாய் ஓர் உண்மையைச் சொல்கிறான். அவனுடைய தந்தை அஸுலான், பேரனாகிய ஸூக்கோவைக் கொல்லுமாறு ஒருமுறை ஆணையிட்டாராம். ஓஸாய் அதை நிறைவேற்றவே இருந்தானாம். தாய் அறிந்து, எல்லாவற்றையும் இழந்து, பிள்ளையைக் காப்பாற்றினாள். தந்தை சொல்லைத் தட்டாத மகன் என்ற பெயருக்காகத் தன் மகனைக் கொல்லவும் ஒருவன் துணியலாம். எல்லையில்லாத கீழ்ப்படிதல் கடைசியில் அந்தக் குடும்பத்தையே விழுங்கிவிடும்.

இது சுயவிருப்பத்திற்கு உரிமம் ஆகாதா?

இங்கே சிந்தனையுள்ள பெரியவர்கள் ஒரு நியாயமான அச்சத்தை வெளியிடுவார்கள். மனசாட்சி என்ற பெயரில் ஒவ்வொருவரும் தம் மனம் போன போக்கில் போய்விட மாட்டார்களா? வயதான பெற்றோரைக் கைவிட்டவனும் ‘எனக்கு என் வாழ்க்கை’ என்றுதானே சொல்கிறான்? இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. ஆகவே தர்மத்திற்காக விலகுபவனையும் தனக்காக விலகுபவனையும் பிரித்தறியும் அடையாளங்கள் வேண்டும்.

முதல் அடையாளம், விலகுவதால் அவன் எதைப் பெறுகிறான் என்பது. ஸூக்கோ எல்லாம் கிடைத்த பிறகே வெளியேறினான். அரசையும் தந்தையின் பாராட்டையும் கொடுத்துவிட்டு, தன்னை நம்பாத எதிரிகளின் நடுவே வந்து நின்றான். நம் லாபம் இருக்கும் திசையிலேயே நம் மனசாட்சியும் எப்போதும் பேசுமானால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, விலகியவன் உள்ளத்தில் வெறுப்பு இருக்கிறதா என்பது. தந்தை நிராயுதபாணியாக நின்ற அந்தக் கிரகண நேரத்திலும் ஸூக்கோ அவரைக் கொல்ல முயலவில்லை. பெரியப்பா ஐரோவும் அத்தகையவரே. தம்பியை நீங்களே வெல்லலாமே என்று கேட்டபோது அவர் மறுக்கிறார்; அண்ணன் தம்பியைக் கொன்று பதவியைப் பிடித்தான் என்றே வரலாறு அதைப் பார்க்கும், அதனால் அமைதி வராது என்கிறார். ஒரு நகரத்தை 600 நாட்கள் முற்றுகையிட்டு, அதில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர் அவர். உபநிஷதம் சொல்லும் கடுமையற்ற பெரியவராக அவரை அந்தத் துயரம் மாற்றியிருந்தது.

மூன்றாவது, விலகியவன் பொறுப்பை ஏற்கிறானா என்பது. தன்னால் வருந்திய பெரியப்பாவின் காலடியில் ஸூக்கோ கண்ணீருடன் அமர்கிறான். அவன் பேசி முடிப்பதற்குள் அவர் அவனை அணைத்துக்கொள்கிறார். பின்னர் தன் குலம் தொடங்கிய போரைத் தானே அரசனாகி நிறுத்துகிறான். குடும்பத்தைத் துறந்து ஓடியவனாக அவன் வாழவில்லை. முன்னோர் பட்ட கடனைத் தீர்க்கும் மகனாகத் திரும்பினான். பித்ரு கடன் என்று நாம் சொல்வதன் ஒரு பொருள் இதுவே.

மகாபாரதத்தில் திருதராஷ்டிரரின் புதல்வர் இருவரை நினைத்துப் பாருங்கள். திரௌபதி அவமதிக்கப்பட்ட சபையில் பீஷ்மர் முதலானோர் தயங்கியபோது, இளையவனான விகர்ணன் எழுந்து நியாயம் பேசினான். ஆனால் போர் வந்ததும் குடும்பத்தின் பக்கமே நின்றான். பீமனின் கையால் மடிந்தான். கொன்ற பீமனே அதற்காக வருந்தினான். யுயுத்சுவோ, போர் தொடங்கும் முன் யுதிஷ்டிரர் விடுத்த அழைப்பை ஏற்று அணி மாறினான். உடன்பிறந்தவர்களின் எதிரணியில் நிற்கும் வேதனை சாதாரணமானதல்ல. ஆயினும் போர் முடிந்து அந்தக் குலத்தில் எஞ்சியவன் அவனே. முதியவரான தந்தைக்குத் துணையாக இருந்தவர்களுள் அவனும் ஒருவன். பாண்டவர்கள் இறுதி யாத்திரை புறப்பட்டபோது, இளம் பரீக்ஷித்தின் அரசைக் கவனிக்கும் பொறுப்பு அவனிடமே ஒப்படைக்கப்பட்டது. விகர்ணனின் சொல் தர்மத்தில் நின்றது. யுயுத்சுவின் சொல்லோடு காலும் அங்கே சென்றது.

பெரியவர்களுக்கும் ஒரு பாடம்

இந்தத் தொடரில் பக்கூ என்ற முதியவர் வருகிறார். வட துருவத்தின் நீர்க் குலத்தில் பெரிய ஆசான். பெண்களுக்குப் போர்க்கலை கற்பிப்பதில்லை என்பது அங்கே மரபு. அதை அவர் கண்டிப்புடன் காக்கிறார். கட்டாரா என்ற சிறுமி கலை கற்க வருகிறாள், மறுக்கப்படுகிறாள். அவள் கழுத்திலிருந்த அணியைப் பார்த்ததும் முதியவர் திகைத்துப்போகிறார். அறுபது ஆண்டுகளுக்கு முன், தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்காக அவரே செதுக்கியது அது. அந்தப் பெண் ஊரைவிட்டே போய்விட்டாள். அவள்தான் இந்தச் சிறுமியின் பாட்டி. அவர் அவளை நேசித்தார். ஆனால் அவர் போற்றிய அதே இறுக்கமான மரபுதான் அவளை அங்கிருந்து துரத்தியது. அன்று அவர் தம் பிடிவாதத்தை விட்டு, அந்தச் சிறுமியை மாணவியாக ஏற்கிறார்.

பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ‘எதிர்த்துப் பேசாதே’ என்ற ஒரே சொல்லால் பிள்ளையை அடக்கிவிடலாம். ஆனால் அவன் நம்மோடு இருக்கிறானா, நம் வீட்டில் மட்டும் இருக்கிறானா என்பது அதன் பிறகு நமக்குத் தெரியாமலே போய்விடும்.

நம் வீடுகளில்

கதை கற்பனை, அதில் தந்தை முழுக் கொடியவனாக வருகிறான். நம் வீடுகளில் ஓஸாய்கள் இல்லை. பிள்ளைகளிடம் உயிரையே வைத்திருக்கும் நல்ல பெற்றோரே இருக்கிறார்கள். அவர்கள் தவறுவதும் பெரும்பாலும் பயத்தினால்தான்: ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ ஆகவே நம் கேள்வி இன்னும் கடினமானது. அன்பில்லாத தந்தையை விட்டு விலகுவதைவிட, அன்புள்ள தந்தையிடம் ‘இதை என்னால் செய்ய முடியாது’ என்று சொல்வது கடினம்.

வரதட்சணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. ஆயினும் நாட்டின் பல பகுதிகளில் அது வழக்கம் என்ற பெயரில் தொடர்கிறது. படித்த மகன், மனம் ஒப்பாவிட்டாலும், ‘பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், நான் என்ன செய்ய?’ என்கிறான். இது பெற்றோர் பக்தி போலத் தோன்றுகிறது. மேலே கண்ட வரம்பை வைத்துப் பாருங்கள். இங்கே இழப்பவர் யார்? ஒரு பெண்ணின் தந்தை. அவருடைய சேமிப்பும் வீடும் நிம்மதியும். தந்தைக்கு வயதான காலத்தில் பணிவிடை செய்ய மகன் தன் வேலையையும் வசதியையும் துறக்கட்டும். அது ராமரின் வழி. பிறர் வீட்டுப் பொருளைத் தன் பெயரால் வாங்க அவர் முற்படும்போது, அன்போடும் உறுதியோடும் மறுக்கட்டும். அது பரதரின் வழி. இரண்டையும் ஒரே மகனால் செய்ய முடியும். உண்மையில், முதலாவதை மனமாரச் செய்யும் மகன் மறுக்கும்போதுதான் அந்த மறுப்பைத் தந்தையால் தாங்கிக்கொள்ள முடியும்.

எனவே மறுக்க வேண்டிய நாளுக்கான தயாரிப்பு அதற்கு முந்தைய ஆயிரம் நாட்களில் இருக்கிறது. அன்றாடச் சிறு காரியங்களில் பெற்றோருக்கு மகிழ்ச்சியுடன் விட்டுக்கொடுப்பவன், பெரிய அநீதி ஒன்றில் விட்டுக்கொடுக்க மறுத்தால், அதில் ஆணவம் இல்லை என்பது வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியும். இன்று கோபப்பட்டாலும் நாளை சிந்திப்பார்கள். அந்த உரிமையைச் சேவையின் மூலம் சம்பாதிக்காதவனின் மறுப்பு, எவ்வளவு நியாயமாக இருந்தாலும், வெறும் சண்டையாகவே முடியும்.

பெற்றோரைப் போற்றுவோம். அவர்கள் தந்த நன்மையை நம் பிள்ளைகளிடம் சேர்ப்போம். அவர்களிடம் இருந்த குறைகள் நம்மோடு நின்றுவிடட்டும்.